ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன், டிடிஜி அளவு மட்டும் முழுசாக இறங்கவில்லை

வெயில்மரம்:

எனக்கு சீலியாக் நோய் என்று உறுதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குகிற நோய் இது. ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, பயாப்ஸி என்று எல்லாம் பார்த்துத்தான் சொன்னார்கள். அன்று முதல் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் விட்டுவிட்டேன். உப்புசம் போயிற்று, ரத்தசோகை சரியாகி வருகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் இந்த நோயில் ரத்தத்தில் கூடுகிற எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி பரிசோதனையை இந்த முறை எடுத்தபோது, முன்பிருந்த உயரத்தில் இல்லாவிட்டாலும், அளவு இன்னும் சாதாரண நிலைக்கு வரவில்லை. எங்கேயோ குளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, தேடிப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் மற்ற எல்லோரும் கோதுமை சாப்பிடுகிறவர்கள். ஒரே சமையலறை. நானாக எதையும் எடுத்துச் சாப்பிடுவதில்லை. அப்படியானால் எங்கிருந்து தேடத் தொடங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சமையலறைக்காவல்:

அளவு குறைந்திருக்கிறது என்பதே நல்ல செய்திதான், முதலில் அதை மனதில் வையுங்கள். ஆரம்பத்தில் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு அது முழுசாக இறங்க ஒரு வருஷம் போதாமல் போவதும் உண்டு. இருந்தாலும் தேடிப் பார்ப்பது நல்லது.

எங்கள் வீட்டிலும் கலப்புச் சமையலறைதான். உங்கள் மாவுச் சல்லடையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் வலையும் விளிம்பும் சேருகிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஒட்டியிருக்கும். ஈரம் பட்டால் பசையாகிறது, காய்ந்தால் மறுபடி மாவாக உதிர்கிறது. அதே சல்லடையில் உங்கள் அரிசி மாவைச் சலித்தால் அது குளூட்டன் கலந்த மாவுதான். சல்லடை, வடிகட்டி, விரிசல் விட்ட மரப்பலகை, மர உருளை இவற்றை உங்களுக்கென்று தனியாக வாங்கிவிடுங்கள். எஃகும் கண்ணாடியும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும், அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, கொதிக்கிற தண்ணீர். மற்றவர்களுக்குக் கோதுமை நூடுல்ஸ் வேகவைத்த தண்ணீரிலேயே உங்களுடையதையும் போட்டு எடுக்கிற பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். பலர் டோஸ்டரைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தத் தண்ணீர்தான் அதைவிட மோசம். சூடு குளூட்டனை ஒன்றும் செய்யாது, தண்ணீரில் கரைந்து வந்தது உங்கள் தட்டுக்கு வந்துவிடும்.

வெண்ணெய் டப்பா, ஜாம் பாட்டில் இரண்டிலும் உங்கள் பெயரை எழுதித் தனியாக வையுங்கள். ரொட்டியில் தடவிய கத்தி திரும்ப டப்பாவுக்குள் போகிற வீடுகள்தான் அதிகம்.

உணவியல்பணி:

நான் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன், சீலியாக் உள்ளவர்களை நிறையப் பார்க்கிறேன். எவ்வளவு நுழைந்தால் கெடுதல் என்பது தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் புரியும், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஒரு சாதாரண ரொட்டித் துண்டில் சுமார் 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். இத்தாலியில் நடத்தி 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நன்றாகத் தேறியிருந்த நோயாளிகளுக்கு 90 நாட்கள் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை மாத்திரைக் கூட்டில் வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குடலின் உட்புறத்தில் சத்தை உள்ளே இழுக்கிற உறிஞ்சிகள் சேதமானது பயாப்ஸியில் தெரிந்தது. 50 மில்லிகிராம் என்றால் ரொட்டித் துண்டில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. கையில் எடுத்தால் ஒரு சிட்டிகைத் தூள். அதைத் தினமும் உள்ளே அனுப்பினால் போதும், பெரிய தவறு எதுவும் நடக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். குளூட்டன் இல்லாதது என்று பெயரிட சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு 20 பிபிஎம், அதாவது ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்த வரம்பைத் தொடுகிற உணவையே நாளைக்கு அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராம்தான் ஆகும். அந்த அளவை அநேகமாக எல்லோருடைய குடலும் தாங்கிவிடும். ஆகவே முத்திரை போட்ட உணவைச் சந்தேகப்படுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். முத்திரை இல்லாமல் தினமும் வாய்க்குள் போகிற பொருள் எது என்று பாருங்கள். எப்போதோ ஒருநாள் சாப்பிட்டதைவிட அன்றாடம் சாப்பிடுவதுதான் ரத்தத்தில் இப்படிக் காட்டும்.

காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்? சாஸ், சூப் பொடி, சத்து மாத்திரை ஏதாவது வழக்கமாக உண்டா? ஓட்ஸ் உண்டா?

வெயில்மரம்:

சல்லடையைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அந்த வெள்ளைக் கோடு அப்படியே இருக்கிறது! கழுவிக் கழுவி வைத்த சல்லடை அது.

காலையில் பெரும்பாலும் கார்ன்ஃப்ளேக்ஸ், சில நாட்கள் ஓட்ஸ். சோளம்தானே, கோதுமை இல்லையே என்றுதான் வாங்கினேன். சமையலுக்கு சோயா சாஸ் கொஞ்சமாகச் சேர்ப்பேன். ஒரு சத்து மாத்திரையும் உண்டு.

நெடுநாள்பத்தியம்:

கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தைப் படியுங்கள். மால்ட் அல்லது மால்ட் சாறு என்று இருந்தால் அது பார்லி. சோளத்தில் குளூட்டன் கிடையாது, சுவைக்காகச் சேர்க்கிற மால்ட்டில் உண்டு. கோதுமை இல்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் கோதுமை மட்டும் இல்லை என்று அர்த்தம், பார்லியும் ரையும் இருக்கலாம். பார்க்க வேண்டியது குளூட்டன் இல்லாதது என்கிற வார்த்தையைத்தான்.

சோயா சாஸும் வழக்கமான முறையில் செய்ததென்றால் சோயாவோடு கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்ததுதான். கோதுமை சேர்க்காத வகை தனியாகக் கிடைக்கும், அதற்கு மாறுங்கள்.

பல வருஷமாக இந்தப் பத்தியத்தில் இருக்கிறேன். எனக்கு உதவிய ஒரே வழக்கம் இது: புதிதாக வாங்கும் பொருளை மட்டுமல்ல, வழக்கமாக வாங்கும் பொருளையும் ஒவ்வொரு முறையும் படிப்பது. தயாரிப்பாளர்கள் சொல்லாமல் சேர்மானத்தை மாற்றுவார்கள், பெட்டி மட்டும் அதே நிறத்தில் இருக்கும்.

பெயர் மாறி வருகிற கோதுமையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ரவை, டூரம், ஸ்பெல்ட், கமுட், புல்கர், கூஸ்கூஸ், ட்ரிட்டிகேல், கோதுமைப் புரதத்தால் ஆன செய்டான் எல்லாம் நமக்கு ஆகாதவை. பக்வீட் என்ற பெயரில் வீட் இருந்தாலும் அது கோதுமை இனமே இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம், கோதுமை மாவு கலக்காததாகப் பார்த்து வாங்கினால் சரி. மால்டோடெக்ஸ்ட்ரின் என்று பார்த்துவிட்டு மால்ட் என்று பயந்து தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு பொருள், கெடுதல் இல்லை.

இடைமழை:

ஓட்ஸை அடியோடு விட்டுவிடுங்கள். எனக்கு அதுதான் காரணமாக இருந்தது. ஓட்ஸ் சீலியாக்காரர்களுக்கு விஷம் என்பதுதான் என் கருத்து.

உணவியல்பணி:

இடைமழை, உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை நான் மறுக்கவே இல்லை, அப்படிச் சிலர் இருக்கிறார்கள். ஓட்ஸில் இருக்கிற அவெனின் என்ற புரதம் மிகச் சிலரிடம் மட்டும் அதே எதிர்வினையைத் தூண்டுகிறது. ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சுத்தமான ஓட்ஸ் தொந்தரவு தருவதில்லை, கோதுமையை விட்டதால் குறைகிற நார்ச்சத்தையும் அது ஈடுசெய்கிறது.

சிக்கல் கடையில் கிடைக்கிற சாதாரண ஓட்ஸில்தான். வயலிலும் வண்டியிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் சேர்ந்தே பயணப்படுகிறது. அதனால் குளூட்டன் இல்லாதது என்று முத்திரையிட்ட ஓட்ஸ் மட்டும்தான் பேச்சில் வர வேண்டும். வெயில்மரம், உங்கள் அளவு இறங்காத இந்த நேரத்தில் அதையும் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து, இறங்கிய பிறகு முத்திரை உள்ளதாகக் கொஞ்சமாகத் தொடங்கி, மறுபடி பரிசோதித்துப் பாருங்கள். அப்போதுதான் எது காரணம் என்பது தெரியும்.

இடைமழை:

சரி, நான் சாப்பிட்டது சாதாரண ஓட்ஸ்தான். முத்திரை உள்ளதை முயன்று பார்த்ததில்லை. ஆனாலும் திரும்பத் தொட எனக்கு மனசு வரவில்லை.

உணவியல்பணி:

தொட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஓட்ஸ் இல்லாமலும் நன்றாகவே இருக்கலாம்.

பள்ளிப்பை:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் மகனுக்கு ஏழு வயது, போன வருஷம்தான் கண்டுபிடித்தார்கள். வீட்டில் எல்லோரும் கோதுமையை விட்டுவிடுவதா, அவனுக்கு மட்டும் தனியாகச் செய்வதா என்பதில் எங்களுக்குள் தினமும் வாக்குவாதம். எல்லோரும் விட்டுவிட்டால் வெளியே போகும்போது அவன் தடுமாறுவான் என்று அவன் அப்பா சொல்கிறார். எனக்கு அவன் தட்டு மட்டும் வேறாக இருப்பதைப் பார்க்க முடியவில்லை.

சமையலறைக்காவல்:

சகோதரி, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற வேளைக்கு எல்லோருக்கும் குளூட்டன் இல்லாத ஒரே சமையல். அரிசி, உருளைக்கிழங்கு, சோளம், பருப்பு, முட்டை, மீன், காய்கறி, பழம், பால் எல்லாமே இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை, அதனால் இது சிரமமில்லை. கோதுமைப் பண்டம் வேண்டுகிற பெரியவர்கள் அதைத் தனி அலமாரியில், கீழ்த்தட்டில் வைத்துக்கொள்ளட்டும். மேல்தட்டு எப்போதும் குழந்தைக்கு, ஏனென்றால் தூள் கீழே கொட்டும், மேலே ஏறாது. கோதுமை மாவு பிசைகிற வேலை மட்டும் வீட்டுக்குள் வேண்டாம். காற்றில் பறந்து திறந்திருக்கிற எல்லாவற்றிலும் படியும்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பையன் பழக வேண்டும், ஆனால் அதற்கு ஆபத்தான சமையலறை தேவையில்லை. "இது எந்த மாவு? எனக்குக் குளூட்டன் ஆகாது" என்று கேட்க அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஏழு வயதில் இதைத் தெளிவாகக் கேட்பார்கள்.

நெடுநாள்பத்தியம்:

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக் களிமண் தருகிறார்களா என்று விசாரியுங்கள், பலவற்றில் கோதுமை மாவுதான். தோல் வழியாகக் குளூட்டன் உள்ளே போகாது, ஆனால் குழந்தைகள் கையை வாயில் வைப்பார்கள். பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்கு ஆசிரியரிடம் ஒரு டப்பாவில் அவனுக்கான இனிப்பைக் கொடுத்து வையுங்கள். எல்லோரும் கேக் சாப்பிடும்போது அவனும் ஏதாவது சாப்பிடட்டும்.

நிலைவாசல்:

ரொம்ப நாளாகப் படிக்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன். எனக்கு எந்த அறிகுறியும் கிடையாது. அக்காவுக்கு சீலியாக் என்று வந்ததால் குடும்பத்தில் எல்லோருக்கும் பார்த்தார்கள், எனக்கும் இருந்தது, பயாப்ஸியும் அதையே சொன்னது. முழுசாகக் கடைப்பிடிக்கத்தான் பார்க்கிறேன். ஆனால் கோதுமை சாப்பிட்டால் எனக்கு ஒன்றுமே ஆவதில்லை. வலி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. ஒன்றுமே நடக்காதபோது எதற்காக விலகி இருக்கிறேன் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. உங்களில் யாருக்காவது இப்படியா?

நெடுநாள்பத்தியம்:

உங்கள் கேள்வி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இந்தப் பத்தியம் உடைகிற இடம் இதுதான் என்பது என் கருத்து. வலியில் இருக்கிறவர் முதல் மாதங்களில் தவறுவதில்லை, பயத்தில் ஒழுங்காக இருப்பார். உடம்பு தேறி, யாரும் கேட்காமல், கேக் துண்டு ஒன்று முன்னால் வருகிறபோதுதான் சறுக்கல். உங்களுக்கு அந்த வலியே முதலிலிருந்து இல்லை, ஆகவே உங்கள் வேலை எங்களுடையதைவிடக் கடினம். அதை நான் மரியாதையோடு சொல்கிறேன்.

ஒன்றும் நடக்கவில்லை என்று உங்கள் வயிறு சொல்கிறது. குடலுக்குள் நடப்பது வேறு. சிறுகுடலின் உட்புறத்தில் மெல்லிய விரல்கள்போல் நிற்கும் உறிஞ்சிகளை உங்கள் சொந்த எதிர்ப்புச் சக்தியே தட்டையாக்கிக்கொண்டிருக்கிறது. இரும்பு, கால்சியம், ஃபோலேட் எல்லாம் அங்கேதான் உள்ளே ஏறுகின்றன. எலும்பு மெலிவதும் ரத்தசோகை வருவதும் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். வெகு சிலருக்கு, பல வருஷம் கவனிக்காமல் விட்டால், சிறுகுடலில் லிம்ஃபோமா என்கிற புற்றுநோய் வரை போகிறது. அது அரிது, பயமுறுத்த எழுதவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

உங்களுக்கு வயிறு எச்சரிக்கை தராததால் வேறு அளவுகோல் வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறையாவது டிடிஜி, இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி பாருங்கள், மருத்துவர் சொன்னால் எலும்பு அடர்த்தியும். அந்தக் காகிதத்தில் எண்கள் மாறுவதைப் பார்க்கும்போது விலகி இருப்பதற்கான காரணம் கண்ணுக்குத் தெரியும்.

பழம்பதிவு:

இதற்குப் பொருத்தமான ஒரு வரலாறு இருக்கிறது, எனக்கு இது மனதை விட்டுப் போவதே இல்லை.

1920-களில் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவைக் கொடுத்தார். சாகக் கிடந்த குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழம் குணப்படுத்துகிறது என்று நம்பினார். உண்மையில் அந்த உணவில் ரொட்டி இல்லை, அதுதான் காரணம். குணமாகிவிட்டது என்று நினைத்தபின் பிள்ளைகள் மறுபடி கோதுமை சாப்பிடத் தொடங்கினார்கள், குடலுக்குள் சேதமும் மறுபடி தொடங்கியது.

நெதர்லாந்தில் வில்லம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமைமேல் முன்பே சந்தேகப்பட்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் போர்ப் பஞ்சம் வந்து ரொட்டி கிடைப்பதே அரிதாகிப் போனபோது அவர் பார்த்துவந்த சீலியாக் பிள்ளைகளின் உடல்நிலை தேறியது. ரொட்டி மறுபடி வந்ததும் நோயும் திரும்பியது. 1950-இல் தன் ஆய்வேட்டில் இதை நிறுவினார். அதற்குமுன் காரணம் தெரியாமலே எத்தனை குழந்தைகளை இந்த நோய் கொண்டுபோயிற்று! நம் கையில் இருக்கிற பதில் அவ்வளவு பேரின் துயரத்துக்குப் பிறகு கிடைத்தது.

நிலைவாசல்:

வாழைப்பழக் கதை எனக்கு நன்றாக உறைத்தது. நன்றாக இருக்கிறேன் என்பதால் குணமாகிவிட்டது என்று நானும் அதே மாதிரிதான் யோசித்திருக்கிறேன். ரிப்போர்ட் எடுக்க நாள் வாங்கிவிட்டேன்.

ஒரு கேள்வி. வெளியே சாப்பிடும்போது என்ன சொல்வது? ஒவ்வாமை என்றால் புரிந்துகொள்கிறார்கள், சீலியாக் என்றால் முழிக்கிறார்கள்.

சமையலறைக்காவல்:

நோயின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடாமல், அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். "கோதுமை, பார்லி, ரை மூன்றும் எனக்கு ஆகாது, துகள் அளவுகூடக் கூடாது, அதைத் தொட்ட கரண்டியும் எண்ணெயும் கூடாது" என்று நான் சொல்வேன். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: இதை எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்? மாவு தோய்த்த பண்டம் பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கையும் பொரிப்பார்கள் என்றால் அந்த இடத்தில் நான் பொரித்தது எதையும் எடுப்பதில்லை. பதில் சொல்கிறவர் தயங்கினாலும் எடுப்பதில்லை. கூட்டமில்லாத நேரத்தில் போனால் சமையல்காரரே வந்து நின்று பேசுவார், அது பெரிய வசதி.

நண்பர்கள் வீட்டுக்குப் போவதென்றால் முதல்நாளே சொல்லிவிடுங்கள், இலேசான ஒரு பண்டத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். பசியோடு போனால்தான் மனசு இளகும்.

வெயில்மரம்:

எல்லோருக்கும் நன்றி. தேடி முடித்துவிட்டேன். கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியில் மால்ட் சாறு இருந்தது. ஓட்ஸில் முத்திரை இல்லை. சோயா சாஸின் சேர்மானத்தில் கோதுமை இரண்டாவது இடத்தில் இருந்தது. சல்லடையும் மரப்பலகையும் புதிதாக வந்துவிட்டன, அவற்றில் சிவப்பு நூல் கட்டிவைத்திருக்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும்.

இப்போது மூன்று சந்தேகம். மருந்து மாத்திரைகளில் குளூட்டன் இருக்குமா? மறுபடி எப்போது பரிசோதிப்பது? தங்கைக்கும் பார்க்க வேண்டும் என்கிறார்கள், அவள் இப்போதே கோதுமையை விட்டுவிடட்டுமா?

உணவியல்பணி:

மாத்திரைகளில் சேர்க்கிற மாவுச்சத்து பெரும்பாலும் சோளத்திலிருந்தோ உருளைக்கிழங்கிலிருந்தோ எடுத்தது. ஆனாலும் மருந்தாளுநரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சந்தேகம் இருக்கிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சத்து மாத்திரைகளை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

மறுபரிசோதனைக்கு மூன்று முதல் ஆறு மாதம் விடுங்கள், எதிர்ப்பொருள் மெதுவாகத்தான் இறங்கும். ரத்த அளவு சாதாரணமாக வந்தாலும் குடல் முழுதாகத் தேறிவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பெரியவர்களுக்கு அதற்கு இரண்டு வருஷமோ அதற்கு மேலோ ஆவதுண்டு. மீண்டும் எண்டோஸ்கோப்பி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இதற்கிடையில் பால் குடித்தால் உப்புசம் வந்தால் பயப்பட வேண்டாம், உறிஞ்சிகள் சேதப்பட்டிருக்கும்வரை பாலில் இருக்கிற லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் போவது வழக்கம், குடல் தேறத் தேற அதுவும் சரியாகும்.

தங்கை விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பரிசோதனை முடிகிறவரை கோதுமையை விடக் கூடாது. விட்டுவிட்டால் எதிர்ப்பொருள் இறங்கி, நோய் இருந்தும் இல்லை என்று காட்டும். பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் என நெருங்கிய உறவினரில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது வருகிறது, ஆகவே வீட்டில் மற்றவர்களும் பார்த்துக்கொள்ளட்டும். டிடிஜி பார்க்கும்போது ஐஜிஏ என்கிற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் சேர்த்துக் கேளுங்கள். அது உடம்பில் பிறவியிலேயே குறைவாக இருக்கிறவர்களுக்கு டிடிஜி பொய்யாக இயல்பு என்று வந்துவிடும், அவர்களுக்கு வேறு பரிசோதனை இருக்கிறது.

வெயில்மரம்:

அவளை இந்த வாரமே அழைத்துப் போகிறேன். என் ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

பள்ளிப்பை:

களிமண் பற்றி ஆசிரியரிடம் கேட்டேன், கோதுமை மாவுதானாம். அரிசி மாவில் செய்து கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், வகுப்பு முழுவதற்கும்.